தடையுறு அலைவு பீரியாடிக்கா? ஃபைஃபாக்ஸ் ஆப்பை ரொம்ப நாளா யூஸ் பண்றவனோட அனுபவம்

பிளஸ் ஒன் பசங்களுக்கு பிசிக்ஸ் எடுக்குற யாரா இருந்தாலும் ஃபைஃபாக்ஸ் ஆப்பை போன்ல போட்டு வைங்க. ஜெர்மனியில ஆஹன் யுனிவர்சிட்டிக்காரங்க 2016ல வெளியிட்டது, ஃப்ரீ, போனுக்குள்ள ஏற்கனவே இருக்குற சென்சாரையே லேப் கருவியா மாத்திடுது. சில வருஷமா டியூஷன்ல இதை வெச்சுத்தான் நடத்துறேன், அதுலயும் அலைவுகள் பாடம் வந்துட்டா இது இல்லாம எனக்கு ஓடாது.

ஏன்னா வருஷா வருஷம் யாராவது ஒருத்தர் கேட்டுடுவாங்க, "சார், தடையுறு அலைவு, அதாவது தடையால அடங்கிக்கிட்டே போற ஆட்டம், பீரியாடிக்கா இல்லையா, வீச்சு குறைஞ்சுகிட்டே போகுதே, அப்புறம் எப்படி அலைவு நேரம்னு ஒண்ணு சொல்றோம்"னு. ரொம்ப நல்ல கேள்வி. இதுக்கு ஒரு வரியில பதில் சொல்லி மனப்பாடம் பண்ண வைக்க மனசு வரல, கண்ணால பாக்கணும்.

செட்டப் சிம்பிள்தான். லேப்ல கிடைக்கிற ஸ்ப்ரிங், போன் வைக்க ஒரு ஜிப் பவுச், மேல உறுதியான ஒரு கொக்கி. 200 கிராம் போனுக்கு மீட்டருக்கு 8 நியூட்டன் அளவு ஸ்ப்ரிங் போட்டா அலைவு நேரம் கிட்டத்தட்ட ஒரு செகண்ட் வரும், கிளாஸ்ல பாக்க வசதியான வேகம். ஆப்ல g (புவியீர்ப்பு) இல்லாத முடுக்கம் காட்டுற பக்கத்தைத் திறந்து, ரிமோட் ஆக்சஸ் ஆன் பண்ணிட்டா அதே வைஃபைல இருக்குற லேப்டாப் பிரௌசர்லயே கிராஃப் ஓடும், தொங்குற போனை யாரும் தொட வேண்டியதில்ல.

ஒண்ணு மட்டும் கவனம். ஸ்ப்ரிங் குட்டையா இருக்குன்னு நீளமா நூல் கட்டித் தொங்க விட்டுடாதீங்க, கொக்கியில இருந்து போன் வரைக்கும் உள்ள நீளம் ஸ்ப்ரிங் இழுபட்ட அளவுக்கு நாலு மடங்குக்குப் பக்கத்துல வந்துட்டா மேல கீழ ஆடுறது கொஞ்ச நேரத்துல பக்கவாட்டு ஊசலா மாறி, மறுபடி திரும்பி வரும். அதுவும் அழகான பிசிக்ஸ்தான், ஆனா அன்னிக்கு நமக்கு அது வேணாம்.

போன் மட்டும் ஆடினா வீச்சு ரொம்ப மெதுவா குறையும். ஒரு அட்டையை பவுச்சுக்கு அடியில படுக்கையா ஒட்டினா சட்டுனு அடங்கும். அப்ப கிராஃபை ஜூம் பண்ணி ரெண்டு விஷயத்தையும் தனித்தனியா பாக்கச் சொல்வேன். உச்சிகள் ஒண்ணுக்கொண்ணு சின்னதாகிட்டே போகுது, ஆனா கோடு சுழியை ஒரே திசையில வெட்டுற நேர இடைவெளி அப்படியே இருக்கு. இங்கதான் பதில் இருக்கு. பீரியாடிக்னா T நேரம் கழிச்சு எல்லாமே பழையபடி வரணும், இடம், வேகம், முடுக்கம் எல்லாம். உச்சி திரும்பி அதே உயரத்துக்கு வரல, அதனால கறாரா பாத்தா இது சீரலைவு (பீரியாடிக்) இல்ல. சுழியை வெட்டுற டைம் மட்டும் மாறாம இருக்கு, அதைத்தான் நாம அலைவு நேரம்னு எழுதுறோம்.

பசங்களுக்கு நம்பவே கஷ்டமா இருக்குறது நேரம் எவ்வளவு கம்மியா மாறுதுங்கிறதுதான். வேகத்துக்கு நேர் விகிதத்துல தடை இருந்து, ஒவ்வொரு அலைவுக்கும் வீச்சு 53 சதவீதமா குறையுதுன்னு வைங்க, அவ்வளவு பலமா அடங்குற ஆட்டத்துலயும் அலைவு நேரம் கூடுறது வெறும் அரை சதவீதம். ஒரு செகண்டுக்கு 5 மில்லிசெகண்ட். செகண்டுக்கு 100 அளவு எடுக்குற போன்ல ரெண்டு புள்ளிக்கு நடுவுலயே 10 மில்லிசெகண்ட் இருக்கு, அதனால ஒரே அலைவை வெச்சு இதைப் பிடிக்க முடியாது, பல அலைவு சேர்த்து சராசரி எடுக்கணும்.

எனக்கு ரொம்பப் பிடிச்சது எக்ஸ்போர்ட் வசதி. டேட்டாவை எக்செல்ல இறக்கி, உச்சிகளோட லாகரிதத்தை நேரத்துக்கு எதிரா வரைஞ்சு சாய்வை எடுத்து (மைனஸ் குறியை விட்டா அதுதான் γ, வீச்சு தேயுற வேகம்), அந்த γ-வை வெச்சு முடுக்கம் இருக்குற நெடுவரிசையை e-இன் அடுக்கு γt-ஆல பெருக்கினா அடங்கிப்போன அலை நிமிர்ந்து ஒரே உயரத்துல ஓடும். தேய்மானத்தைப் பிரிச்சு எடுத்ததும் உள்ளே இருந்த பீரியாடிக் பகுதி தனியா தெரியுது, எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு சலிக்கல.

அட்டை பெருசா இருந்தா அந்த லாகரிதக் கோடு நேரா வராம வளையும், பயந்துடாதீங்க. காத்துத் தடை அப்போ வேகத்தோட வர்க்கத்தை ஒட்டிப் போகுது, புக்குல இருக்குற எக்ஸ்பொனென்ஷியல் அதுக்குப் பொருந்தாது, உச்சியோட தலைகீழியை வரைஞ்சு பாருங்க, கோடு ஓரளவுக்கு நேராகும்.

ஆப்லயே ஸ்ப்ரிங்னு ஒரு தனி பக்கம் இருக்கு, அலைவு நேரத்தையும் அதிர்வெண்ணையும் நேரடியா நம்பரா குடுத்துடும், அவசரத்துக்கு நல்லது. ஆனா இந்தப் பாடத்துக்கு முதல்ல அதைக் காட்டாதீங்க, நம்பரை மட்டும் பாத்தா வீச்சு கண்ணுல இருந்து மறைஞ்சுடும், பசங்க உடனே பீரியாடிக்னு முடிவு கட்டிடுவாங்க. கிராஃபை ஒரு தடவை முழுசா பாத்த பிறகு அந்தப் பக்கத்தைத் திறங்க. கீழ ஒரு தலையணை போட்டுடுங்க, பவுச் ஜிப்பை நம்ப முடியாது.