பேச்சுப் போட்டிக்கு எந்த மேஜர்?

மண்டபம், பாம்பன் பக்கம் பள்ளிப் பிள்ளைகள் கேட்பது இதுதான்: ராணுவ வீரரைப் பற்றிப் பேச மேஜர் பரமேஸ்வரனா, மேஜர் சரவணனா? இருவரும் காலாட்படை அதிகாரிகள்.

விருது: பரமேஸ்வரனுக்குப் பரம் வீர் சக்ரா, போர்க்கால விருதுகளில் முதலாவது. சரவணனுக்கு வீர் சக்ரா, மூன்றாவது. இரண்டுமே மறைவுக்குப் பின்.

களம்: பரமேஸ்வரன், மகார் ரெஜிமென்ட், இந்திய அமைதிப்படை சென்றிருந்த இலங்கை, 1987 நவம்பர் 25. சரவணன், பீகார் ரெஜிமென்ட், கார்கில் போரில் பட்டாலிக், 1999 மே 29.

தலைமை: தேடுதல் முடித்துத் திரும்பும் வழியில் பரமேஸ்வரனின் குழு பதுங்கித் தாக்கப்பட்டது. அவர் பின்பக்கமாகச் சுற்றிவளைத்தார். மார்பில் சுட்டவனின் துப்பாக்கியையே பறித்து அவனைச் சுட்டார். உயிர் போகும்வரை உத்தரவிட்டுக்கொண்டே இருந்தார். சரவணன் தம் வீரர்களுக்கு முன்னால் நின்று பதுங்குகுழி மீது ராக்கெட் ஏவினார், காயம்பட்டும் பின்வாங்கவில்லை. உடலை மீட்கவே ஒரு மாதத்துக்கு மேல் ஆனது. அப்போது அவருக்கு வயது 26.

கேட்பவர்கள்: இதைத்தான் நான் அதிகம் யோசிப்பேன். மண்டபத்தில் உள்ள இலங்கைத் தமிழ் அகதிகள் முகாம் பிள்ளைகளும் அதே அரங்கில் உட்கார்ந்திருப்பார்கள். அந்த 1987 அவர்கள் வீட்டிலும் ஒரு காயம். பரமேஸ்வரனின் துணிவைச் சொல்லலாம், தாராளமாக. ஆனால் எதிரே நின்றவர்களை ஏளனம் செய்யும் ஒரு சொல்கூட வேண்டாம்.

சரி, ஐந்து நிமிடம்தான், சின்ன வகுப்பு என்றால் சரவணன். மேல்வகுப்பு, பொறுப்பாகப் பேச வரும் என்றால் பரமேஸ்வரன்.