கீசர் சொட்டினால் டேங்க் போய்விட்டது என்று சொல்பவரை நம்பாதீர்கள்

மதுரையில் திருநகர், பசுமலை பக்கம் வீடு இருப்பவர்கள் இதைக் கட்டாயம் படியுங்கள். கம்பெனி ஆள் என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவர், திருநகரில் இருக்கும் எங்கள் அம்மா வீட்டில் நன்றாக ஓடிக்கொண்டிருந்த 15 லிட்டர் கீசரைக் கழற்றி எடுத்துக்கொண்டு, 9,800 ரூபாய்க்கு வேறொன்றை மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். பணம் போனது ஒரு பக்கம். புதிதாக மாட்டியதில் அவர் செய்து வைத்திருந்த வேலை உயிருக்கே ஆபத்தானது.

மார்கழிக் குளிரில் கீசரிலிருந்து தண்ணீர் சொட்ட ஆரம்பித்ததும், அம்மா போனில் கம்பெனி பெயரைப் போட்டுத் தேடி, முதலில் வந்த நம்பருக்குக் கூப்பிட்டிருக்கிறார். அது கம்பெனி நம்பரே இல்லை. வந்தவர் சட்டையில் கம்பெனி முத்திரை இருந்ததாம், அடையாள அட்டை இல்லை. கீழ் மூடியைக் கழற்றி, தண்ணீரைச் சூடாக்கும் காயிலில் படிந்திருந்த உப்புக் கட்டியைக் கையில் உதிர்த்துக் காட்டி, "டேங்க் ஓட்டையாயிருச்சும்மா. குளிக்கும்போது கரண்ட் பாஸானா யாரு பதில் சொல்றது?" என்று கேட்டிருக்கிறார். தனியாக இருக்கும் 68 வயதுப் பெண்ணிடம் இப்படிக் கேட்டால் அவர் என்ன செய்வார்? பழையதற்கு 500 ரூபாய் கழித்துக்கொள்வதாகச் சொல்லி, அன்று மாலையே வேறொரு கீசரைக் கொண்டுவந்து மாட்டியிருக்கிறார். பில் என்று கொடுத்தது வெள்ளைத் தாள். அதில் கடைப் பெயரும் இல்லை, ஜிஎஸ்டி எண்ணும் இல்லை.

பழைய கீசரின் டேங்க் வாரண்டி 7 வருடம், வாங்கி 5 வருடம்தான் ஆகியிருந்தது. அட்டையை அம்மா எடுத்துக் காட்டியதற்கு, "உப்புத் தண்ணிக்கு இதெல்லாம் செல்லாதும்மா" என்று சொல்லிவிட்டார். தண்ணீரின் உப்பைக் காரணம் காட்டி வாரண்டியை மறுக்கும் நிபந்தனை சில கம்பெனிகளில் உண்டுதான். ஆனால் அதைக் கம்பெனி ஆள் வந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும், அதையும் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

டேங்க் ஓட்டையாகவில்லை என்று எப்படிச் சொல்கிறேன் என்றால், சொட்ட ஆரம்பித்த அன்றே அம்மா எனக்கு வாட்ஸப்பில் வீடியோ அனுப்பியிருந்தார். கீசரின் அடிப்பக்கம் முழுக்க உலர்ந்து கிடக்கிறது. பச்சைத் தண்ணீர் உள்ளே போகும் குழாயில் இருக்கும் பித்தளை வால்வின் சின்ன மூக்கிலிருந்து மட்டும் சொட்டு விழுகிறது. அந்த மூக்கு இருப்பதே தண்ணீரை வெளியேற்றத்தான். 15 லிட்டர் தண்ணீர் 25 டிகிரியிலிருந்து 65 டிகிரிக்குச் சூடானால் ஏறத்தாழ கால் லிட்டர் பெருகும். உள்ளே போன தண்ணீர் திரும்பி வராதபடி அந்த வால்வு தடுப்பதால், அழுத்தம் ஏறும்போது பெருகியது மூக்கு வழியாகத்தான் வெளியேறும். சூடாகும்போது மட்டும் சொட்டினால் வால்வு தன் வேலையைச் செய்கிறது என்று அர்த்தம். ஆறிய பிறகும் விடாமல் சொட்டினால் பெரும்பாலும் வால்வில் உப்பு சிக்கி, அது சரியாக மூடாமல் இருக்கும். சில நூறு ரூபாயில் வால்வை மாற்றினால் சரியாகிவிடும்.

புது கீசரும் ஒரு வாரத்திலேயே அதே இடத்தில் சொட்டியிருக்கிறது. அம்மா திரும்பவும் கூப்பிட, அவர் வந்து அந்த மூக்கில் ரப்பர் மூடியைச் செருகி, மேலே எம்-சீல் வைத்து அடைத்துவிட்டு, "இனிமே ஒரு சொட்டு விழாதும்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பொங்கலுக்குப் போனபோதுதான் இதைப் பார்த்தேன். தெரு எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூட்டிவந்து காட்டினேன். அவர் முதலில் மெயினை அணைத்தார். சூட்டைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டும், சூடு மிஞ்சினால் கரண்டை நிறுத்தும் கட்-அவுட்டும் சேர்ந்து பழுதாகி, இந்த வழியும் அடைபட்டிருந்தால் டேங்க் வெடித்துவிடும். கீசரைத் திருப்பிப் பார்த்தால் ஐஎஸ்ஐ முத்திரையும் இல்லை, ஸ்டார் லேபிளும் இல்லை. இரண்டும் இல்லாமல் இந்த வகை கீசரை விற்கவே கூடாது.

அப்புறம், எப்போது உண்மையிலேயே மாற்ற வேண்டும் என்று அண்ணனிடம் விளக்கமாகக் கேட்டுக்கொண்டேன். சுவிட்சை அணைத்து, கீசரையும் குழாய்களையும் துணியால் துடைத்துவிட்டு, கீழே செய்தித்தாளை விரித்து வைத்துக் கொஞ்ச நேரம் காத்திருங்கள். குழாய் இணைப்பில் ஈரம் கண்டால் வாஷரோ டெஃப்ளான் டேப்போ போதும். கீழ் மூடிக்குள் காயில் பொருத்தியிருக்கும் தட்டைச் சுற்றிக் கசிந்தால் கேஸ்கெட் என்னும் ரப்பர் வளையத்தை மாற்றினால் போதும். இணைப்புகள், வால்வு, அந்தத் தட்டு எல்லாமே உலர்ந்திருந்து, வெளிக்கூட்டின் இடுக்கிலிருந்து துருக் கலந்த தண்ணீர் கசிந்தால் மட்டுமே டேங்க் போய்விட்டது. அப்போது கட்டாயம் மாற்றிவிடுங்கள். வெல்டிங் வைத்துத் தருகிறேன் என்பவரிடமும் பணம் கொடுக்காதீர்கள், நிற்காது. எம்சிபி (மின் பெட்டியில் தானாக அணையும் பாதுகாப்பு சுவிட்ச்) திரும்பத் திரும்ப விழுந்தால் பெரும்பாலும் காயில்தான் போயிருக்கும், அதை மட்டும் மாற்றலாம். தண்ணீரில் லேசாக ஷாக் அடித்தால்கூட யோசிக்காமல் மெயினை அணைத்துவிடுங்கள். சுடுதண்ணீர் மட்டும் செந்நிறமாக வந்தால் டேங்க் உள்ளே துருப்பிடிக்கிறது. பச்சைத் தண்ணீரும் அப்படியே வந்தால் போர் தண்ணீரில் இரும்பு இருக்கிறது, கீசர் மேல் பழியில்லை.

இன்னொன்றையும் அவர் அழுத்திச் சொன்னார். கண்ணாடிப் பூச்சு உள்ள டேங்குக்குள் மெக்னீசியம் கம்பி ஒன்று இருக்கும். டேங்குக்குப் பதில் அதுதான் அரிபடும். நம் ஊர் போர் தண்ணீருக்கு வருடம் ஒரு தரம் திறந்து பார்த்து, மெலிந்து போயிருந்தால் மாற்ற வேண்டும். காயிலில் படிந்த உப்பையும் அப்போதே சுரண்டி எடுத்துவிடலாம். அம்மாவுக்குக் காட்டிப் பயமுறுத்திய கட்டி அந்த உப்புதான்.

அந்த நம்பர் இப்போது அணைந்து கிடக்கிறது. வாரண்டி அட்டையில் இருக்கும் எண்ணில் கேட்டதற்கு, அப்படி யாரையும் அனுப்பவில்லை என்றார்கள். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம், மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகப் போகிறோம். 2 வருடத்துக்குள் புகார் கொடுத்தால் போதும். 5 லட்சம் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை. வீடியோ, வெள்ளைத் தாள், பணம் அனுப்பிய ரசீது, அடைபட்ட வால்வின் போட்டோ எல்லாவற்றையும் எடுத்து வைத்திருக்கிறோம்.

வெளியாள் யாராவது சமீபத்தில் உங்கள் வீட்டிலோ, தனியாக இருக்கும் உங்கள் பெற்றோர் வீட்டிலோ கீசர் மாட்டியிருந்தால், இன்றைக்கே அந்தப் பித்தளை வால்வைப் பாருங்கள். மூக்கு அடைபட்டிருந்தால் மெயினை அணைத்துவிட்டு, தெரிந்த எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். அவர் பார்த்துச் சரி செய்யும் வரை அடுப்பில் வெந்நீர் வைத்துக் குளிக்கச் சொல்லுங்கள்.