விண்டோஸ் சர்வர் லாகின் திரை: செட்டிங்கை எங்கே போடுவது?

சர்வர் ரூமில் மானிட்டரை ஆன் செய்தால் போதும், கடைசியாக உள்ளே நுழைந்தவரின் பெயர் திரையில் நிற்கும். வெளியாள் ஒருவர் அதைப் பார்த்துவிட்டால் அவருக்குப் பாஸ்வேர்டு மட்டும்தான் பாக்கி. பெயரை மறைக்க ஒரே ஒரு செட்டிங் போதும். ஆனால் அதை மூன்று இடங்களில் போடலாம்: லோக்கல் செக்யூரிட்டி பாலிசி (அந்த ஒரு சர்வருக்கான பாதுகாப்பு செட்டிங்குகள்), ரெஜிஸ்ட்ரி (விண்டோஸ் தன் செட்டிங்குகளைச் சேமிக்கும் இடம்), குரூப் பாலிசி (பல கணினிகளுக்கு ஒரே இடத்திலிருந்து செட்டிங் அனுப்பும் வழி). எங்கே போட்டாலும் கடைசியில் மாறுவது ஒரே ரெஜிஸ்ட்ரி மதிப்புதான். போட்டது நிலைக்குமா என்பதில்தான் வித்தியாசம்.

டொமைனில் (ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கப்படும் கணினிகளின் குழு) சேராமல் தனியாக ஓடும் சர்வர் என்றால் லோக்கல் செக்யூரிட்டி பாலிசியே சரி. 'லோக்கல் பாலிசிஸ்', அதன் கீழே 'செக்யூரிட்டி ஆப்ஷன்ஸ்' என்று போனால், 'இன்டராக்டிவ் லாகான்' என்று தொடங்கும் வரிகள் எல்லாம் லாகின் திரைக்கானவை. பெயரை மறைப்பது, நுழையும் முன் எச்சரிக்கை வாசகம் காட்டுவது, சும்மா கிடந்தால் எத்தனை வினாடியில் திரை பூட்ட வேண்டும் என்பது, எல்லாம் அங்கேயே. நான் 900 வினாடி, அதாவது 15 நிமிடம் வைப்பேன். ஒவ்வொரு வரிக்கும் விளக்கத் தாவல் இருப்பது பெரிய உதவி.

ஒரு வரியில் மட்டும் நிதானம் வேண்டும். 'கண்ட்ரோல் ஆல்ட் டெலீட் கேட்காதே' என்பதுதான் அந்த செட்டிங்கின் பெயரே. கேட்க வேண்டுமென்றால் அதை 'டிஸேபிள்ட்' என்று வைக்க வேண்டும். பாதுகாப்பு வேண்டும் என்று நினைத்து 'எனேபிள்ட்' கொடுத்து, நேர் எதிராக ஆக்கிவிடுகிறார்கள். அந்த மூன்று கீகளையும் விண்டோஸ் தானே பிடித்துக்கொள்ளும்; சாதாரண புரோகிராம் எதுவும் நடுவில் புக முடியாது. போலி லாகின் திரையை வைத்துப் பாஸ்வேர்டைத் திருடும் வேலை அங்கே எடுபடாது. கண்ட்ரோல் ஆல்ட் டெலீட் கேட்பதை நிறுத்த எனக்கு மனம் வராது.

ரெஜிஸ்ட்ரி வேகமான வழி. ஸ்கிரிப்ட்டில் ஒரு வரி எழுதினால் முடிந்தது. வரைகலைத் திரை இல்லாத சர்வர் கோரில் இது கைகொடுக்கும். ஆனால் பெயரில் ஓர் எழுத்து தவறினாலும் விண்டோஸ் எதுவும் சொல்லாது. புதிதாக ஒரு மதிப்பை உருவாக்கிவிட்டுப் பேசாமல் இருக்கும். நீங்கள் செட்டிங் மாறிவிட்டது என்று நம்பிப் போய்விடுவீர்கள்.

டொமைனில் இருந்த ஒரு சர்வரில், மாலை ஆறு மணிக்கு ரெஜிஸ்ட்ரியில் பெயரை மறைத்தேன். சைன் அவுட் செய்து பார்த்தேன், பெயர் இல்லை. மறுநாள் மதியம் போய்ப் பார்த்தால் பெயர் மறுபடி நின்றது. யாரோ எப்போதோ எழுதிய குரூப் பாலிசியில் 'பெயரைக் காட்டு' என்று இருந்திருக்கிறது. பாலிசியில் மாற்றமே இல்லாவிட்டாலும் பாதுகாப்பு செட்டிங்குகளை விண்டோஸ் 16 மணி நேரத்துக்கு ஒருமுறை திரும்பப் போடும். அதே வரியை லோக்கல் பாலிசியில் திறந்திருந்தால், மாற்ற முடியாதபடி மங்கலாகத் தெரிந்திருக்கும்; அப்போதே புரிந்திருக்கும். ரெஜிஸ்ட்ரி அதைக்கூடச் சொல்லவில்லை.

என்னைத் திருப்பி அடித்த அதே பிடிவாதம்தான் குரூப் பாலிசியின் பலம். டொமைனில் இரண்டு சர்வர் இருந்தாலே நான் இதைத்தான் எடுப்பேன். புதிய மாற்றம் சர்வர்களுக்கு 90 நிமிடத்தில் போகும், அதற்கு மேல் 30 நிமிடம் வரை கூடலாம். டொமைனை நடத்தும் சர்வரான டொமைன் கண்ட்ரோலருக்கு 5 நிமிடம். யாராவது கையால் மாற்றினாலும் பாலிசி திரும்பப் பிடித்துக்கொள்ளும். ஆனால் தவறும் அதே வேகத்தில் எல்லா சர்வருக்கும் பரவும். அதனால் முதலில் ஒரே ஒரு சர்வரைத் தனி ஓயூவில் (டொமைனுக்குள் கணினிகளைப் பிரித்து வைக்கும் உட்பிரிவு) வைத்து சோதித்துப் பாருங்கள்.

கணக்கைப் பூட்டும் செட்டிங் இங்கே தனிக் கதை. தவறான பாஸ்வேர்டு எத்தனை முறை வந்தால் பூட்டுவது என்பதை ஓயூவில் இணைத்த பாலிசியில் எழுதினால், அது அந்த சர்வர்களின் லோக்கல் கணக்குகளுக்கு மட்டும்தான் பொருந்தும். டொமைன் கணக்குகளுக்கு டொமைன் மட்டத்தில் இணைத்த பாலிசிதான் செல்லும். ஒரு குழுவுக்கு மட்டும் வேறு எண் வேண்டுமென்றால், சர்வர் 2008இல் வந்த ஃபைன் கிரெய்ண்ட் பாஸ்வேர்டு பாலிசி இருக்கிறது. எண்ணை 3 என்று இறுக்க வேண்டாம் என்பது என் கருத்து. வேண்டுமென்றே தப்பாகத் தட்டி உங்கள் கணக்கை எவரும் பூட்டிவிடலாம். 10 தவறுக்குப் பின் 10 நிமிடப் பூட்டு என்பது நியாயமான அளவு. உள்ளமைந்த அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கையும் பூட்டும் வசதி 2022 அக்டோபர் அப்டேட்டில்தான் வந்தது, அதையும் இயக்கிவிடுங்கள்.

அப்புறம், ரிமோட் டெஸ்க்டாப்பில் நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன் (லாகின் திரை வரும் முன்பே பெயரையும் பாஸ்வேர்டையும் சரிபார்ப்பது) அணைந்திருந்தால் லாகின் திரையே முன்பின் தெரியாதவர்களுக்குத் திறந்துவிடும். 2019இல் ரிமோட் டெஸ்க்டாப்பில் புளூகீப் என்ற பாதுகாப்பு ஓட்டை வெளியானபோது, அப்டேட் போட முடியாதவர்களுக்கு இதை இயக்கி வைக்கச் சொன்னார்கள்.

எந்த வழியில் போட்டாலும், கமாண்ட் பிராம்ப்ட்டை அட்மினாகத் திறந்து 'ஜிபிரிசல்ட்' கமாண்டை /h சேர்த்து ஓட்டி அறிக்கையைப் பாருங்கள். எந்த செட்டிங் எந்தப் பாலிசியிலிருந்து வந்தது என்று பெயரோடு இருக்கும். மறுநாள் ஒருமுறை சர்வர் முன்னால் நின்று, சைன் அவுட் செய்து, பெயர் தெரிகிறதா என்று கண்ணால் பார்த்துவிடுங்கள்.