ஏற்காட்டு விடுதிச் சாப்பாடும் ‘புளித்துவிட்டது’ என்ற சொல்லும்

ஏற்காடு ஏரியிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தொலைவில் உள்ள ஒரு விடுதியில் சென்ற மாதம் குடும்பத்துடன் தங்கியிருந்தோம். அறைகளைப் பற்றிக் குறை ஏதுமில்லை. வெந்நீர் நேரத்துக்கு வந்தது, சன்னலைத் திறந்தால் சில்வர் ஓக் மரங்களும் அவற்றில் படர்ந்த மிளகுக் கொடிகளும் நிழலில் காப்பிச் செடிகளும் தெரிந்தன. குறையெல்லாம் சாப்பாட்டில்தான்.

முதல் நாள் இரவு காளான் மசாலா, மறுநாள் மதியம் காலிஃபிளவர், அன்றிரவு பன்னீர் என்று பெயர்கள் மாறினவே தவிர, நாக்குக்கு வந்து சேர்ந்தது ஒரே குழம்பு. வெங்காயம், தக்காளி, முந்திரியை வதக்கி அரைத்து மொத்தமாகச் செய்துவைத்துக்கொண்டு, கேட்பவருக்கு ஏற்ப எதையாவது அதில் போட்டுக் கொதிக்கவைத்துத் தருவது உணவகங்களின் வழக்கம்தான் என்றாலும், கைதேர்ந்த சமையற்காரர் கடைசி இரண்டு நிமிடத்தில் மிளகையோ பாலேட்டையோ கசூரி மேத்தியையோ சேர்த்து ஒன்றை மற்றொன்றிலிருந்து பிரித்துக் காட்டிவிடுவார். இங்கே அந்த இரண்டு நிமிடத்தை மிச்சம் பிடித்திருந்தார்கள். மிளகு விளையும் மலையில் மிளகு வாசமே இல்லை!

கல்லாவுக்கு அருகில் இருந்த கருத்துப் பதிவேட்டில், “மூன்று வேளையிலேயே உங்கள் சாப்பாடு புளித்துவிட்டது” என்று எழுதினேன். படித்த மேற்பார்வையாளர் பதறிப்போய், “எதுங்க சார் புளிச்சுப்போச்சு? மாவு நேத்து ராத்திரி அரைச்சதுதானுங்களே” என்றார். தவறு என்னுடையதுதான். கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன கதை என்று திண்ணையில் சொல்லலாம். சமையலறையில் அந்தச் சொல்லுக்குப் புளிப்பைத் தவிர வேறு பொருள் கிடையாது. ‘சப்பென்று இருக்கிறது’ என்று எழுதியிருந்தாலும் பொய்யாகியிருக்கும், ஏனெனில் உப்பும் உறைப்பும் சரியாகவே இருந்தன. ‘அலுப்பு’ என்பதோ மலைப்பாதையின் 20 கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து வந்த உடம்புக்கு உரியது. ருசியில் பழுதில்லாதபோதும் மாற்றமின்மையால் மனம் விலகிப்போவதைச் சொல்ல நான் எடுத்திருக்க வேண்டிய சொல் ‘சலித்துவிட்டது’ என்பதாகும். (சல்லடை இருக்கும் இடத்தில் அதுவும் சற்று ஆபத்தான சொல்தான்.)

ஒரே மாதிரி இருப்பதெல்லாம் சலிக்கும் என்றும் சொல்வதற்கில்லை. எங்கள் சேலத்துத் தட்டுவடை செட்டில் பல ஆண்டுகளாக அதே இரண்டு தட்டுவடை, நடுவே அதே கேரட், பீட்ரூட் துருவல், வெங்காயம், சட்னிதான் என்றாலும், முதல் கடியில் நொறுங்குவது கடைசிக் கடிக்குள் சட்னியில் ஊறித் துவண்டு வேறொரு பண்டமாகிவிடுகிறது.

தங்குவதற்கு அந்த விடுதிக்குத் தாராளமாகப் போகலாம். மாலைப் பசிக்கு ஏரிக்கரை மிளகாய் பஜ்ஜி இருக்கிறது. கடைசி நாள் காலையில் மேற்பார்வையாளரே வந்து, புது மாவில் வார்த்த இட்லி என்று சொல்லிப் பரிமாறினார். இட்லி மெத்தென்று இருந்தது. தொட்டுக்கொள்ள வைத்த குருமா, முந்திய இரவு பன்னீர் மிதந்த அதே குழம்பு.