குடியுரிமைச் சட்ட டிப்ளோமா என்று சொன்னால் பணம் கட்டாதீர்கள்

சுங்கை சிப்புட்டிலும் சுற்றுத் தோட்டங்களிலும் எஸ்பிஎம் முடித்த பிள்ளைகள் உள்ள வீடுகள் இதைக் கட்டாயம் படியுங்கள். கடைவீட்டு மாடியில் ஒரு மையம் "குடியுரிமை, குடிநுழைவுச் சட்ட டிப்ளோமா" நடத்துகிறது. என் தங்கைக்காக 4,800 வெள்ளி கட்டினோம். செம்பனைத் தோட்டத்தில் அம்மா உதிரிப்பழம் பொறுக்கிச் சேர்த்த பணம் அது.

ஒரே வருடத்தில் வழக்கறிஞர் போலவே கேஸ் எடுக்கலாம் என்றார்கள். பச்சைப் பொய். 1976ஆம் ஆண்டு வழக்கறிஞர் தொழில் சட்டப்படி, தகுதியில்லாதவர் அந்த வேலையைச் செய்வதே குற்றம். மலாயாப் பல்கலைக்கழகத்தில் எல்எல்பி முடித்தவர்கள்கூட மூத்த வழக்கறிஞரிடம் 9 மாதம் சேம்பரிங் என்ற தொழிற்பயிற்சி செய்தாக வேண்டும்.

சரி, பாடமாவது ஒழுங்கா? அப்பா குடிமகன் என்றால் பிள்ளையும் குடிமகன், அவ்வளவுதான் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். தோட்டத்துச் சிக்கலே அங்கேதானே இருக்கிறது! 1982 மார்ச் முதல் திருமணப் பதிவு கட்டாயம். ஆனால் கோயிலில் தாலி கட்டியதோடு விட்டுவிட்ட குடும்பங்கள் எத்தனை! பதிவில்லாத திருமணத்தில் பிறந்த பிள்ளைக்கு அம்மாவின் நிலைதான் பார்க்கப்படும் என்கிறது அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணை. அம்மாவிடம் ஆவணம் இல்லையென்றால், அப்பா குடிமகனாக இருந்தும் பிள்ளை நாடற்று நிற்க நேரிடும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அரசியலமைப்பின் 15ஏ பிரிவின் கீழ் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கலாம், ஆனால் அதற்கு வயது வரம்பு உண்டு. இதைச் சொல்லித் தராமல் என்ன குடியுரிமைப் பாடம்?

இதையெல்லாம் விட மோசம் "களப்பயிற்சி". லயத்து வீடுகளுக்குப் போய் அடையாளக் கார்டு சிக்கல் உள்ளவர்களை அழைத்து வரச் சொன்னார்கள். சிவப்புக் கார்டு (நிரந்தரவாசி அட்டை) வைத்திருக்கும் பக்கத்து வீட்டுப் பாட்டியைத் தங்கை நம்பி அழைத்துப் போனாள். குடிமக்களுக்கான நீலக் கார்டு எடுத்துத் தருவதாக 600 வெள்ளியும் அசல் பிறப்புப் பத்திரமும் வாங்கிக்கொண்டார்கள். தேசியப் பதிவுத் துறையில் கேட்டால், பாட்டி பெயரில் விண்ணப்பமே இல்லை. பிள்ளையின் கையாலேயே அக்கம்பக்கத்தை ஏமாற்ற வைத்ததை என்னால் மன்னிக்க முடியவில்லை.

எந்தப் படிப்பில் சேர்வதானாலும் முதலில் எம்கியூஏ (படிப்புகளை அங்கீகரிக்கும் மலேசியத் தகுதி முகமை) பதிவேட்டில் அதன் பெயரைத் தேடுங்கள். இணையத்தில் இலவசம். இந்த டிப்ளோமா அதில் இல்லை. கேட்டதற்கு, "பதிவு வந்துகொண்டிருக்கிறது" என்றார் நிர்வாகி.

ஏற்கெனவே பணம் கட்டியவர்கள் ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழிக்காதீர்கள். போலீஸில் புகார் கொடுங்கள். பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 வெள்ளி கட்டணத்தில் மனு போடலாம், வழக்கறிஞர் தேவையில்லை. அசல் பத்திரம் எதையாவது கொடுத்திருந்தால் அதை முதலில் கேட்டு வாங்குங்கள். பாட்டியின் பத்திரத்தை இன்னும் தரவில்லை.