ஒன்பது வருஷமாக ஜிசாப்: பிடித்தது, படுத்தியது

ஜிசாப் (GSAP) என்பது வலைப்பக்கத்தில் இருப்பவற்றை அசையவைக்கும் ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரி. 2016 கடைசியில் கோயம்புத்தூரில் ஒரு சின்ன டிஜிட்டல் ஏஜென்சியில் சேர்ந்தேன். முதல் வேலையே ஒரு நகைக்கடையின் முகப்புப் பக்கம். ஆரம் மேலிருந்து இறங்கணும், கல் ஒவ்வொன்றாக மின்னணும், கடைசியில் கடைப் பெயர் வரணும். எனக்கு அப்போது தெரிந்தது ஜேகுவெரி மட்டும்தான், அதனால் ஒன்றுக்குள் ஒன்றாக செட்டைம்அவுட் (இத்தனை நேரம் கழித்து ஓடு என்கிற கட்டளை) போட்டு எப்படியோ ஓட்டிவிட்டேன். பார்த்த கடைக்காரர் "நல்லா இருக்கு தம்பி, ஆனா ஆரம் இறங்குறது மட்டும் அரை செகண்ட் மெதுவா இருக்கட்டும்" என்றார். அந்த அரை செகண்டுக்காகப் பதினொரு இடத்தில் எண் மாற்றினேன், பன்னிரண்டாவது இடத்தை விட்டுவிட்டேன், ஆரம் வருவதற்கு முன்னாடியே கல் காற்றில் மின்னியது. பக்கத்து நாற்காலி சீனியர் எட்டிப் பார்த்துச் சிரித்துவிட்டு "ட்வீன்மேக்ஸ் போட்டுப் பாரு" என்றார். ட்வீன்மேக்ஸ் ஜிசாப்பின் ஒரு பகுதி, அன்றிலிருந்து ஜிசாப்தான்.

ஏன் ஒட்டிக்கொண்டது என்றால் டைம்லைன். ஒரு அசைவு முடிந்ததும் அடுத்தது தானாக வரிசையில் நிற்கும். முந்தையது முடிவதற்கு 0.3 செகண்ட் முன்பே அடுத்தது தொடங்கணுமா, "-=0.3" என்று எழுதினால் போதும், இரண்டும் சேர்ந்தே தொடங்கணும் என்றால் ஒரே ஒரு "<". முன்னால் இருப்பதன் நீளத்தை மாற்றினால் பின்னால் இருப்பதெல்லாம் தானே நகர்ந்துகொள்ளும். கிளையன்ட் கேட்கிற "இன்னும் கொஞ்சம் மெதுவா, இல்ல இல்ல பழைய மாதிரியே" எல்லாவற்றுக்கும் ஒரு எண்ணைத் தொட்டால் முடிந்தது. ஜாக் டாயில் இதை முதலில் எழுதியது வலையில் அனிமேஷன் என்றாலே ஃபிளாஷ் என்றிருந்த காலத்தில், அதன் மொழியான ஆக்‌ஷன்ஸ்கிரிப்டுக்காக. ஃபிளாஷில் டைம்லைனை இழுத்து இழுத்துப் பழகியவர்களின் கணக்கு இதற்குள் இருக்கிறது என்பது பயன்படுத்தும்போதே தெரியும். 2020 டிசம்பர் 31 அன்று ஃபிளாஷுக்கான ஆதரவை அடோபி நிறுத்தியது, ஃபிளாஷ் போய்ச் சேர்ந்தது, இது மட்டும் ஜாவாஸ்கிரிப்டுக்கு இடம்பெயர்ந்து பிழைத்துக்கொண்டது.

2019 நவம்பரில் மூன்றாம் பதிப்பு வந்தபோது கொஞ்சம் பயந்தேன், ஏனென்றால் ட்வீன்லைட், ட்வீன்மேக்ஸ், டைம்லைன்மேக்ஸ் என்று இருந்ததையெல்லாம் ஒரே பெயருக்குள் அடக்கிவிட்டார்கள். ஆனால் பழைய பாணியில் எழுதியதில் பெரும்பகுதி அப்படியே ஓடியது. இந்த ஃப்ரண்ட்எண்ட் உலகத்தில், போன வருஷத்துக் கோடிங் இந்த வருஷம் பில்டே ஆகாத உலகத்தில், இதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

அப்புறம் 2020 நடுவில் ஸ்க்ரோல்டிரிகர், அசைவை ஸ்க்ரோலோடு இணைக்கும் ஜிசாப் பிளகின். அதற்கு முன்னால் ஸ்க்ரோல்மேஜிக் என்ற வேறொரு லைப்ரரியையும் ஜிசாப்பையும் ஒட்டவைத்துத்தான் ஸ்க்ரோல் வேலை செய்வோம், இரண்டுக்கும் நடுவே எப்போதும் ஒரு மாமியார் மருமகள் சண்டை. ஸ்க்ரோல்டிரிகர் வந்ததும் எது எங்கே தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்று பக்கத்தின் ஓரத்தில் பச்சை, சிவப்புக் கோடு காட்டும் மார்க்கர்ஸ் வசதி கிடைத்தது. அதை எடுக்க மறந்து ஒரு தளத்தை லைவ் போட்டுவிட்டேன். மறுநாள் காலை கிளையன்ட் போன் செய்து "ஓரத்துல பச்சையா என்னமோ ஓடுதே, புது டிசைனா?" என்று மரியாதையாகத்தான் கேட்டார். அன்றிலிருந்து லைவ் போடுவதற்கு முன் மார்க்கர்ஸ் என்று ஒரு தேடல் போட்டுவிட்டுத்தான் மறுவேலை.

ஆனால் ஸ்க்ரோல்டிரிகர் கைக்கு வந்ததோடு எங்கள் ஆபீஸுக்கு வந்த வியாதி ஒன்று உண்டு. 2019-இல் ஆப்பிள் போட்ட ஏர்பாட்ஸ் ப்ரோ பக்கம் நினைவிருக்கும், ஸ்க்ரோல் செய்யச் செய்ய இயர்போன் சுழலுமே. அதற்குப் பிறகு வந்த கிளையன்ட்களில் பாதிப் பேர் கேட்டது "அந்த மாதிரி". ஒரு வில்லா புராஜெக்டுக்கு ட்ரோன் வீடியோவை 180 படமாகப் பிரித்து, கேன்வாஸில் ஸ்க்ரோலுக்கு ஏற்ப ஒன்றன்பின் ஒன்றாக வரைந்தேன். படம் ஒன்று 40 கேபி, மொத்தம் ஏழு எம்பிக்கு மேல். ஆபீஸ் வைஃபையில் வெண்ணெய் மாதிரி ஓடியது, கைதட்டினார்கள். வில்லா இருக்கும் இடத்தை நேரில் பார்க்கப் போன ஒருவர், அங்கே சிக்னல் ஒரு கோடுதான், போனில் திறந்தால் வெறும் வெள்ளை. கடைசியில் போனுக்கு மட்டும் 60 படம், தலா 25 கேபி என்று குறைத்து, முதல் படத்தைச் சாதாரண இமேஜாக முன்னாலேயே வைத்து ஒப்பேற்றினேன். கருவி மேல் தப்பே இல்லை. அது சொன்னதைச் செய்தது, நான்தான் ஏழு எம்பியைச் சுமக்கச் சொன்னேன்.

இன்னொன்று, புதிதாக வருகிற பசங்களுக்கு நான் முதலில் காட்டுவது. ஒரு முறை கார்டுகள் ஸ்க்ரோலில் எழும்பி வரும் பகுதி ஜவ்வு மாதிரி இழுத்தது. கை நின்ற பிறகும் கார்டு நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஈஸிங்கை மாற்றினேன், ஸ்க்ரப் மதிப்பை மாற்றினேன், லைப்ரரி பதிப்பைக்கூட மாற்றிப் பார்த்தேன், இரண்டு நாள் போனது. காரணம் பக்கத்தின் தோற்றத்தைச் சொல்லும் சிஎஸ்எஸ் கோப்பில் இருந்தது, ஹோவருக்காக, அதாவது மவுஸ் மேலே வரும்போது மாறுவதற்காக, யாரோ (நான்தான், மூன்று மாதம் முன்பு) எழுதிய "டிரான்சிஷன் ஆல் 0.3 செகண்ட்". ஜிசாப் ஒவ்வொரு ஃபிரேமிலும் புது இடத்தைச் சொல்கிறது, பிரவுசரோ ஒவ்வொரு புது இடத்துக்கும் 0.3 செகண்ட் எடுத்துக்கொண்டு ஆற அமரப் போகிறது. இரண்டு டிரைவர் ஒரே ஸ்டீயரிங். இப்போதெல்லாம் அனிமேஷன் ஜவ்வாக இழுத்தால் வேறு எதையும் பார்ப்பதற்கு முன் அந்த வரியைத்தான் தேடுவேன்.

ரியாக்ட் என்ற ஜாவாஸ்கிரிப்ட் லைப்ரரியில் வேலை செய்கிறவர்களுக்கும் இதே மாதிரி ஒரு பொறி உண்டு. ஜிசாப்பில் "ஃப்ரம்" என்று எழுதினால், இப்போது இருக்கும் நிலைதான் முடிவு நிலை என்று எடுத்துக்கொள்ளும். டெவலப்மென்டில் ரியாக்டின் ஸ்ட்ரிக்ட் மோட் (பிழை கண்டுபிடிக்க உதவும் அமைப்பு) எஃபெக்டை இரண்டு முறை ஓட்டும், முதல் முறை தலைப்பை மறைத்துவைக்கும், இரண்டாவது முறை பார்க்கும்போது மறைந்திருப்பதுதான் "இப்போதைய நிலை", ஆக மறைவிலிருந்து மறைவுக்கு அனிமேட் ஆகும், தலைப்பு வரவே வராது. 2022-இல் முந்தைய அனிமேஷனைத் துடைத்துவிடும் காண்டெக்ஸ்ட் ஜிசாப்பில் வந்ததும், அப்புறம் யூஸ்ஜிசாப் என்று தனி ஹுக்கே வந்ததும் இந்தத் தலைவலி தீர்ந்தது. ரியாக்டில் அதில்லாமல் எழுதாதீர்கள், அவ்வளவுதான்.

படம் லோட் ஆன பிறகு பக்கத்தின் உயரம் மாறி, டிரிகர் எல்லாம் தப்பான இடத்தில் வெடிப்பதும் உண்டு. படங்களுக்கு அகலம், உயரம் கொடுத்தாலே பாதி சரியாகிவிடும், மீதிக்கு இடங்களை மறுபடி கணக்கிடும் ஸ்க்ரோல்டிரிகரின் ரெஃப்ரெஷ்.

சரி, தமிழுக்கு வருவோம். எழுத்து எழுத்தாகத் தலைப்பு எழும்பி வருவது ஏஜென்சிகாரர்களின் பிரியமான வித்தை. அதற்கான ஜிசாப் பிளகின் ஸ்ப்ளிட்டெக்ஸ்ட் அப்போது சந்தா கட்டியவர்களுக்கு மட்டும் என்பதால் நானே நாலு வரியில் பிரித்து எழுதிக்கொண்டேன். ஒரு நெசவுக் கடைக்குத் தலைப்பு "கொங்கு மண்ணின் நெசவு". நாம் எண்ணினால் பத்து எழுத்து. ஜாவாஸ்கிரிப்டைக் கேட்டால் இடைவெளியை விட்டே பதினெட்டு. அதற்குப் புள்ளி தனி, துணைக்கால் தனி, கொம்பு தனி. ஒவ்வொன்றையும் தனித்தனிப் பெட்டியில் போட்டதும் 'கொ' இரண்டாக உடைந்து, க ஒரு பக்கம் அனாதையாக, ஒற்றைக்கொம்பும் காலும் நடுவே புள்ளிவட்டத்தோடு இன்னொரு பக்கம். கடைக்காரர் வாட்ஸப்பில் ஸ்க்ரீன்ஷாட் அனுப்பி "எங்க ஊர்ப் பேரையே ஒடச்சுப் போட்டீங்களே" என்றார். ஆங்கில டெமோவை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிய எனக்கு அது தேவைதான்.

தீர்வு பிரவுசருக்குள்ளேயே இருக்கிறது, இன்டில் செக்மென்டர் (Intl.Segmenter) என்று பெயர். குரோமில் 2020-லிருந்தே உண்டு, ஃபயர்ஃபாக்ஸில் 2024-இல்தான் வந்தது. அதில் கொடுத்தால் ஒழுங்காகப் பத்து. ஆனால் அதற்கும் ஒரு கண்டம் உண்டு. யூனிகோட் கணக்கில் ஸ்ரீ என்பது ஸ், ரீ என்று இரண்டு, க்ஷ என்பதும் க், ஷ என்று இரண்டு. கோயம்புத்தூரில் கடைப் பெயர் பாதி ஸ்ரீயில்தான் தொடங்கும்! அதனால் அந்த இரண்டையும் சேர்த்து ஒட்டுகிற ஒரு சின்ன விதி என் கோப்பில் எப்போதும் இருக்கும். இப்போது நான் செய்வது இன்னும் எளிது, தமிழ்த் தலைப்பு என்றால் எழுத்தாக உடைப்பதே இல்லை, சொல் சொல்லாக எழுப்புகிறேன். பார்க்கவும் அதுதான் அழகாக இருக்கிறது. நம் எழுத்துக்குத் தனியாக நடனம் வேண்டியதில்லை, கொம்பும் சுழியும் போதும்.

சந்தா என்றேன் இல்லையா, அது இப்போது இல்லை. 2024 அக்டோபரில், கோடிங் இல்லாமல் தளம் கட்டும் கருவி தருகிற வெப்ஃப்ளோ, ஜிசாப்பின் சொந்தக்காரர்களான கிரீன்சாக்கை வாங்கியபோது எங்கள் வாட்ஸப் குழுவில் ஒரே ஒப்பாரி, "போச்சு, இனிமே மாசச் சந்தாதான்" என்று. நடந்தது தலைகீழ். 2025 ஏப்ரல் கடைசியில் ஸ்ப்ளிட்டெக்ஸ்ட், மார்ஃப்எஸ்விஜி உட்பட எல்லாப் பிளகினும் வணிக வேலைக்கும் சேர்த்து இலவசம் என்று அறிவித்துவிட்டார்கள். ஸ்ப்ளிட்டெக்ஸ்டைத் திருத்தி எழுதி அளவையும் குறைத்தார்கள், திரை அகலம் மாறினால் வரியை மறுபடி தானே பிரித்துக்கொள்கிறது. ஆனால் இலவசம் வேறு, திறந்த மூலம் வேறு. வெப்ஃப்ளோவுக்குப் போட்டியாக, கோடிங் இல்லாமல் அனிமேஷன் செய்ய உதவும் கருவி கட்டுவதற்கு இதைப் பயன்படுத்தக் கூடாது என்று உரிமத்தில் இருக்கிறது. என்னைப் போல் தளம் செய்து கொடுக்கிறவனுக்கு அது குறுக்கே வராது, கருவி கட்டுகிறவர்கள் படித்துவிட்டு இறங்குவது நல்லது.

இவ்வளவு புகழ்ந்துவிட்டு இதைச் சொல்வது வேடிக்கைதான், வருஷம் போகப் போக நான் ஜிசாப் போடுவது குறைந்துகொண்டே வருகிறது. ஹோவர், மெனு திறப்பது, சின்னச் சின்ன மங்கல்கள் எல்லாம் சிஎஸ்எஸ்ஸுக்கே போய்விட்டன. ஸ்க்ரோலோடு ஓடும் அனிமேஷனே இப்போது சிஎஸ்எஸ்ஸில் எழுதலாம், குரோமில் 2023-லிருந்து, சஃபாரியில் 26-ஆம் பதிப்பிலிருந்து. வரிசை, நேரக் கணக்கு, நடுவில் நிறுத்தித் திருப்புவது என்று வந்தால் மட்டும்தான் டைம்லைன். இன்னொரு பழக்கத்தையும் விட்டேன், 0 முதல் 100 வரை எண் ஓடுகிற லோடர். நான் எழுதியவற்றில் ஒன்றுகூட உண்மையாக லோட் ஆவதை எண்ணவில்லை, இரண்டரை செகண்ட் ட்வீன், அவ்வளவுதான். பாஸுக்கு அவ்வார்ட்ஸ் (Awwwards, வலைத்தள வடிவமைப்புக்கான விருது) ஆசை இருந்த காலத்தில் போட்டது. அங்கேயே டிசைனுக்கு 40 சதவீதம், பயன்பாட்டு எளிமைக்கு 30, கிரியேட்டிவிட்டிக்கு 20, உள்ளடக்கத்துக்கு 10 என்றுதான் மதிப்பெண், நாங்கள் அந்த 20-க்கு மட்டும் ராப்பகலாக உழைத்தோம்.

அசைவைக் குறைப்பதையும் தாமதமாகத்தான் கற்றேன். ஒரு கிளையன்டின் அண்ணனுக்குக் காதில் ஏதோ பிரச்சினை, பின்னணி வேறு வேகத்தில் நகரும் எங்கள் பேரலாக்ஸ் பக்கத்தைப் பார்த்துவிட்டு "தல சுத்துது, மூடு" என்று லேப்டாப்பைத் தள்ளிவிட்டார். ஐபோனில் ரெட்யூஸ் மோஷன், ஆண்ட்ராய்டில் ரிமூவ் அனிமேஷன்ஸ் போட்டிருப்பவர்களுக்கு அசைவே இல்லாத வடிவத்தைக் கொடுக்க ஜிசாப்பின் மேட்ச்மீடியாவில் நாலு வரி போதும். கிளையன்ட் யாரும் கேட்டதில்லை, நானே போட்டுவிடுகிறேன், பில்லிலும் எழுதுவதில்லை.

போன மாதம் அந்த முதல் நகைக்கடையிலிருந்து கூப்பிட்டார்கள். தளம் இன்னும் பழைய ட்வீன்மேக்ஸில்தான் ஓடிக்கொண்டிருந்தது, இத்தனை வருஷத்தில் ஒருமுறைகூட அது நின்றதாகப் புகார் இல்லை. இப்போது கடையைப் பார்ப்பது அவருடைய மகள். "அண்ணா, அந்த ஆரம் இறங்குறது வேண்டாம், திறந்ததும் இன்னைக்குக் கிராம் விலை வந்தாப் போதும்" என்றார். அரை செகண்டுக்காக அவர் அப்பா என்னைப் படுத்திய பாட்டைச் சொன்னேன், சிரித்தார். எடுத்துவிட்டேன், பத்து நிமிஷ வேலை.