ஆப்சிடியனில் தமிழ்க் குறிப்புகள்: சில வருடப் பழக்கத்துக்குப் பிறகு

குறிப்புகளை எழுதி ஒன்றோடொன்று இணைத்து வைக்க உதவும் செயலியான ஆப்சிடியன் 2020-இல் வந்தபோது எல்லோரும் காட்டியது அதன் கிராஃப் காட்சியைத்தான். திரை நிறையக் குறிப்புகள் புள்ளிகளாக, நடுவே இணைப்புகள் கோடுகளாக. சில வருடமாகத் தினமும் புழங்குகிறேன், அதைத் திறந்து உருப்படியாக எதையும் கண்டுபிடித்ததில்லை. பார்க்க அழகு, அவ்வளவுதான்.

என்னை இதிலேயே இருத்தி வைத்தது பேக்லிங்க் பட்டியல். ஒரு குறிப்பைத் திறந்தால் வேறு எந்தெந்தக் குறிப்புகள் அதைச் சுட்டுகின்றன என்று ஓரத்தில் காட்டும். காவிரிப் பாசனம் பற்றிப் படித்தபோது கல்லணைக்கு ஒரு குறிப்பு எழுதியிருந்தேன். வெகுநாள் கழித்து, கோதாவரி பற்றிப் படிக்கையில் தவுளேஸ்வரம் அணைக்கு ஒன்று: கல்லணையை ஆராய்ந்த ஆர்தர் காட்டன் 1836-இல் கொள்ளிடத்தில் மேலணையைக் கட்டி, அப்புறம்தான் கோதாவரிக்குப் போனார் என்று எழுதி, கல்லணையை இணைப்பாக்க இரட்டைச் சதுர அடைப்புக்குள் போட்டதோடு சரி. பிறகு வேறு எதற்கோ கல்லணையைத் திறந்தால் ஓரத்தில் தவுளேஸ்வரம் நிற்கிறது. நான் தேடவே இல்லை!

இணையத்தில், அதாவது வலையில், இது தானாக நடக்காது. 1965-இல் ஹைப்பர்டெக்ஸ்ட் என்ற பெயரை அச்சில் கொண்டுவந்த டெட் நெல்சன் இருபக்கமும் தெரிகிற இணைப்பைத்தான் விரும்பினார். வலையை உருவாக்கிய டிம் பெர்னர்ஸ்-லீ ஒருவழி இணைப்போடு நிறுத்திக்கொண்டார். அதனால்தான் யாரையும் கேட்காமல் யாருக்கும் இணைப்பு கொடுக்க முடிந்தது, வலையும் பரவியது. இணைத்த பக்கம் காணாமல் போனால் 'பக்கம் இல்லை' என்கிற 404 பிழை வருவதும் அதனால்தான்.

எழுதும் விதமும் மாறிவிட்டது. 'மேலே சொன்னபடி' என்று இப்போது எழுதுவதில்லை, ஏனென்றால் குறிப்புக்கு எந்தப் பக்கமிருந்து வந்து சேருவேன் என்று எனக்கே தெரியாது; 'அவர் கட்டிய அணை' என்று ஆரம்பித்தால் எவர் என்று முழிக்க வேண்டியதுதான். ஆனால் ஒரு முழுக் கட்டுரை எழுத உட்கார்ந்தால் இந்தத் துண்டுகள் தாமாக ஒட்டாது. எது முதலில், எதனால் அடுத்தது என்பதை இணைப்பு சொல்வதில்லை. ஏன் இணைத்தேன் என்று ஒரு வரி எழுதாமல் விட்ட இணைப்புகளை நான் இப்போது அழித்துவிடுகிறேன்.

தமிழில் எழுதுபவர்கள் கவனிக்க வேண்டியது வேற்றுமை உருபு. 'கல்லணையில்' என்றால் கல்லணையை மட்டும் அடைப்புக்குள் போட்டு 'யில்' என்பதை வெளியே விடலாம். வார்த்தையில் பாதிதான் இணைப்பாகத் தெரியும், பரவாயில்லை. 'குளத்தில்', 'தஞ்சாவூரில்' எல்லாம் அப்படிப் பிரியாது. [[குளம்|குளத்தில்]] என்று நடுவே கோடு போட வேண்டும். தமிழ் விக்கிப்பீடியாவில் எழுதிப் பழகியவர்களுக்கு இது கை வந்த கலை, மற்றவர்களுக்கு முதல் சில வாரம் எரிச்சல். கோயில், கோவில் போன்ற இரட்டை வழக்குகளுக்கு மாற்றுப்பெயர் வசதி இருக்கிறது. மேலணைக் குறிப்புக்கு முக்கொம்பு என்பதையும் அப்படிச் சேர்த்துவிட்டேன். இப்போது எந்தப் பெயரைத் தட்டினாலும் அந்தக் குறிப்புதான் வருகிறது.